மச்சான் சொன்ன டெய்லி ரொட்டீன்

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் எங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் நடந்தது. மத்தியான பேட்ச் முழுக்கப் பெண்கள். பாதிப் பேருடைய வீட்டுக்காரர்கள் வளைகுடாவில் இருந்தார்கள், என் மச்சானைப் போல. எங்கள் பக்கம் புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். "ஃபேமிலி விசாவுக்குப் பாக்கேன், நீ இங்கிலீஷ் படிச்சு வையி" என்று அவர்தான் என்னைச் சேரச் சொன்னார். அவர் ஒரு ஷோரூமில் சூப்பர்வைசர். கம்பெனி கொடுத்த பிளாட்டில் குடியிருந்தார். மகளுக்கு அங்கே பள்ளிக்கூடம்கூடப் பார்த்துவிட்டதாகச் சொல்லியிருந்தார்.

காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை செய்வதை இங்கிலீஷில் சொல்வது எங்கள் முதல் பாடம். பல் தேய்க்கிறவரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. அதற்குப் பிறகு புத்தகத்துப் பெண்மணி நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறாள். திரும்பி வந்து கிண்ணத்தில் பாலை ஊற்றி எதையோ நொறுக்கித் தின்கிறாள். அடுப்புப் பற்ற வைத்த மாதிரியே தெரியவில்லை. அவளுக்கு மாமியார் உண்டா என்பதும் புத்தகத்தில் இல்லை. குழாயில் தண்ணீர் வருகிற நாளில் குடம் குடமாகப் பிடித்து வைக்கிறோமே, அதை எப்படிச் சொல்வது என்று டீச்சரிடம் கேட்டேன். "அங்க போனா அதெல்லாம் நீங்க செய்யவே மாட்டீங்க மேடம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

அன்றைக்கு ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்திருந்தார். வீட்டில் ஒருவரிடம் அவருடைய டெய்லி ரொட்டீனை இங்கிலீஷிலேயே கேட்டு வந்து வகுப்பில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் மச்சான் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை லீவில் வீடியோ காலில் வந்தார். அவருக்குப் பின்னால் வழக்கம்போல அந்த நீலத் திரை. ஹால் ஜன்னலின் திரை என்று நானாக நினைத்து வைத்திருந்தேன்.

"ஏட்டி, குற்றாலத்துல தண்ணி விழுதா?" என்றார். சலாம் சொன்ன கையோடு அவர் கேட்பது எப்போதும் அதுதான்.

"நல்லா விழுது. மச்சான், இன்னைக்கு இங்கிலீஷ்லதான் பேசணும். வீட்டுப்பாடம்."

"பார்றா! கேளு, கேளு."

எழுந்ததும் என்ன செய்வீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"ஐ ஸ்டாண்ட் இன் க்யூ. பாத்ரூம் க்யூ." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பிளாட்டில் என்ன க்யூ? எனக்குத்தான் சரியாக விளங்கவில்லை போல என்று அடுத்த கேள்விக்குப் போனேன்.

"ஐ கோ பேஸ்மெண்ட். ஐ வாஷ் கார். மெனி கார்."

"யுவர் கார்?"

"நோ, நோ. அதர் பீப்பிள் கார். ஈவினிங் கம் ரூம், குக் ரைஸ், ஸ்லீப். அப் பெட்." சொல்லிவிட்டு விரலை மேலே காட்டினார்.

நான் சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தார். அவர் முகம் செத்துவிட்டது. தமிழில் சொல்வதற்கு அவரிடம் ஷோரூம், பிளாட் எல்லாம் தயாராக இருந்தன. இங்கிலீஷில் நான் கேட்பேன் என்று அவர் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. அங்கே வேலை பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய இங்கிலீஷில், அங்கே அவர் செய்வதுதான் இருந்தது.

"திரைய விலக்குங்க மச்சான்."

"ஏட்டி, விடு..."

"விலக்குங்க."

விலக்கினார். அது அவருடைய மேல்கட்டிலைச் சுற்றிக் கட்டிய திரை. கட்டிலுக்கு மேல் கட்டில், அதற்குப் பக்கத்திலும் அதே மாதிரி. குறுக்கும் நெடுக்குமாகக் கொடியில் துணிகள். கீழே ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த அறைக்குத்தான் நான் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தேன். அவர்மேல் எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது.

"அப்ப அந்தப் பள்ளிக்கூடம்?"

"நெசம்தாட்டி. வேலைக்குப் போற வழியில இருக்கு. பஸ்ல போகும்போது டெய்லி பாப்பேன். பிள்ளைங்க யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வரிசையாப் போவும்."

அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

"ஊருக்கு வந்துருங்க" என்றேன்.

அவர் முதல் பயணம் போனதிலிருந்தே, லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். லோனைச் சொல்வார், மகளின் கல்யாணத்தைச் சொல்வார், கேட்ட எனக்கே சலிக்கும்வரை காரணம் அடுக்குவார். இந்த முறையும் அடுக்குவார் என்று நினைத்து, பதிலுக்குச் சண்டை போடத் தயாராகத்தான் இருந்தேன்.

"சரி" என்றார். நான் சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் சொன்னார். அந்த அறையைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை.