அக்காவின் பன்னிரண்டு கத்திகள்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவின் நல்ல குணங்களைச் சொல்ல நீங்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது ஒரு திருத்தம். நோர்வூட் பக்கம் அவர் பேச்சை எடுத்தால், "தங்கமான கை, ஒரே ஒரு தடவதான் தப்பிருச்சு" என்பார்கள். அந்த ஒரு தடவையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அக்கா பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தார். அம்மா போன பிறகு கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, என்னை ஆசிரியனாகும்வரை படிக்க வைத்தார். கொல்லுப்பட்டறை வைத்திருந்த மச்சானைக் கட்டி நோர்வூட்டுக்கு வந்ததும் வேலை மாறியது. தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்திகளை மச்சான் அடித்துப் பதம் போடுவார். மோட்டாரில் ஓடும் உப்புத்தாள் பெல்ட்டில் அவற்றைத் தேய்த்து முடிப்பது அக்கா.

பெல்ட் வாங்க ஹட்டனுக்குப் போனால் அரை நாள் போய்விடும். ஒவ்வொன்றிலும் இரு முனையும் சேரும் ஒட்டு எங்கே என்று நகத்தால் தடவுவார். ஒட்டு தடித்திருந்தால் சுற்றுக்கு ஒருமுறை கத்தியில் இடித்துத் தழும்பு விழுமாம். "புடவையா எடுக்கிறீங்க?" என்று கடை முதலாளி சிரிப்பார். உருவத்துக்குச் சொரசொரப்பான பெல்ட், கீறலைப் போக்க நடுத்தரம், பிறகு நைசானது, கடைசியில் மெருகு மெழுகு பூசிய தோல் பெல்ட். கீறல் இருந்தால் தேயிலைக் கிளை சிக்கிப் பிளக்கும், பிளந்த இடம் அழுகும் என்பார். பள்ளிக்கூடம் போகாத அக்காவுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று நான் வியந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு கவ்வாத்துக் காலம். கொட்டகலையில் படிப்பித்துக்கொண்டிருந்த நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். அக்காவும் மச்சானும் ஒரு சாவுக்குப் போயிருந்தார்கள். தேய்க்கவேண்டிய கத்திகள் பன்னிரண்டு கிடந்தன. உதவி செய்கிறேன் பேர்வழி என்று புதிய சொரசொரப்பான பெல்ட்டை மாட்டி, நன்றாக அழுத்தினேன். ஒவ்வொரு கத்தியின் வெட்டுவாயிலும் நீலம் ஏறியது. சூட்டில் பதம் போய் இரும்பு இளகிவிட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தோல் பெல்ட்டில் மெருகேற்றி நீலத்தை மறைத்தேன். முகம் பார்க்கலாம் போல மின்னின. மதியம் தோட்டத்து ஆள் வந்து கேட்க, எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் பின்னேரம் கவ்வாத்துக்காரர் ஒருவர் வந்தார். "தங்கச்சி, வாயி மடங்குது பாரு. வழுக்கிக் கால்ல போட்டிருக்கும்."

அக்கா அந்தக் கத்தியின் வாயில் அரத்தை வைத்து இழுத்தார். பதமான இரும்பில் வழுக்கவேண்டிய அரம் கடித்தது.

"ஏன்டா தம்பி, தேய்க்கிறப்ப நீலம் ஏறிச்சா?"

"இல்லக்கா."

பிள்ளைகளுக்குப் பொய் பேசாதே என்று சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் நான்.

அடுத்த நாள் விடிந்ததும் அக்கா தோட்டத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் எல்லோரும் கூடி நின்றார்கள். "அந்தப் பன்னெண்டு கத்தியையும் திருப்பிக் குடுத்துருங்க. பெல்ட்ட மாத்திப் போட்டுட்டேன். தப்பு என்னோடது" என்றார். "யாராச்சும் கால வெட்டிக்கிட்டிருந்தா என்னம்மா செய்வ?" என்று கணக்கப்பிள்ளை சத்தம் போட்டார். அக்கா தலைகுனிந்து நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மச்சான் பன்னிரண்டையும் திரும்ப நெருப்பில் வைத்தார், அக்கா தேய்த்து முடித்தார்.

அடுத்த விடுமுறைக்குப் போனபோது அக்காவே என்னை இயந்திரத்தின் முன் உட்காரவைத்தார். "நைசு பெல்ட்டுதான் போட்டிருக்கேன். தண்ணி வாளி பக்கத்துல இருக்கு, சூடேற விடாம முக்கிக்க." அவ்வளவுதான். எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன். இப்படியும் ஒரு மனுஷி இருக்க முடியுமா என்று இன்றும் மலைத்துப்போகிறேன்.

கடைசி நாட்களில், நினைவு தப்பிய நிலையிலும், போர்வையின் ஓரத் தையலை நகத்தால் தடவிக்கொண்டே இருந்தார். ஒட்டைத் தேடுகிறார் என்று மச்சான் அழுதார்.

நோயில் துணையிருந்தவர்களுக்கும், மழையில் பாடை சுமந்தவர்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சமைத்துப் போட்ட லயத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அன்று கத்தியைத் திருப்பிக் கொடுத்தவர்களில் ஒருவர் சுடுகாட்டில் என் தோளைத் தொட்டு, "ஒரே ஒரு தடவதான் தம்பி தப்புச்சு" என்றார். அங்கேயும் நான் பேசாமல் நின்றேன்.

இனி அக்காவைப் பற்றிப் பேசும்போது அந்த ஒரு தடவையை விட்டுவிடுங்கள். அது என்னுடையது.