'பைய' என்று கத்திய வளைவு

"முதலில் வந்தவர்: சுடலைமுத்து, பாளையங்கோட்டை. முன்னால் போன சென்னைக்காரர் வீரவநல்லூர் தாண்டிய வளைவில் தானாக நின்றுவிட்டார்."

என் பழைய நோட்டில், என் கையெழுத்திலேயே இருக்கும் குறிப்பு இது. நாளும் மாதமும் போட்டிருக்கிறேன். ஆண்டு இருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. பஸ் டிக்கெட்டின் பின்னால்கூடத் தேதி எழுதி வைக்கிறவனுக்கு இது வேண்டியதுதான். போன வாரம் முருகன்குறிச்சியில் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்று புகை கக்கிக்கொண்டு என்னைக் கடந்தது. கரிந்த எண்ணெயின் இனிப்பு வாசனை மூக்கில் ஏறியதும் வீட்டுக்கு வந்து நோட்டைத் தேடினேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்காது. பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் வரை வருஷத்துக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. மாசியில், ஞாயிற்றுக்கிழமை காலையில். நான் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த குமாஸ்தா. வண்டி ஓட்ட வராது; அதனால் கொடியையும் நோட்டையும் கொடுத்து வளைவில் நிறுத்திவிடுவார்கள். வயல்களுக்கு அப்பால் மலை, பாதித் தூக்கத்தில் புரண்டு படுத்ததுபோல நீலமாகக் கிடக்கும். தூரத்தில் கொக்குகள் எழுந்தால் வண்டி வருகிறது என்று அர்த்தம். சத்தம் அதற்குப் பிறகுதான் வரும்.

பந்தயத்துக்கு ஒரு விநோத விதி உண்டு. ஸ்பேனர், பிளக், பஞ்சர் சாமான் போட்ட துணிப்பை பின்சீட்டில் கட்டியிருக்க வேண்டும். பை இல்லாமல் பாபநாசம் போய்ச் சேர்ந்தால் சேர்ந்ததாகக் கணக்கில்லை.

சுடலைமுத்து மெக்கானிக், என் சிநேகிதன். மூன்று வருஷம் ஓட்டி மூன்றிலும் இரண்டாவதாக வந்தவன். 'ரெண்டாம் சுடலை' என்றே பெயர் விழுந்துவிட்டது. அன்று கிளம்புமுன், "ஏலே, இந்தத் தடவையும் ரெண்டாவதுன்னா வண்டிய ஆத்துல தள்ளிருவேன், பாத்துக்க" என்றான்.

"தள்ளுததுன்னா பைய தள்ளு. மீனு பயந்துரும்."

எங்கள் ஊரில் மெதுவாக என்று யார் சொன்னார்கள்? எல்லாம் 'பைய'தான்.

பிசான நெல் அறுவடை முடிந்த சமயம். வளைவுக்கு அந்தப் பக்கம் பெண்கள் சாலையிலேயே வைக்கோலைப் பரப்பியிருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறினால் ஒட்டியிருக்கும் நெல் உதிரும் அல்லவா?

"யக்கா, பந்தய வண்டி வருது, அள்ளிருங்க."

"அள்ளுதோம்யா, நீரு கொடியப் பிடியும். ஏட்டி, வெரசா அள்ளுங்கட்டி!"

கொக்குகள் எழுந்தன. முதலில் வந்தவர் சென்னைக்காரர். அந்த வேகத்தில் வைக்கோலில் ஏறினால் சறுக்கிவிடும். கொடியை வீசி, "பைய! பைய!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் பிரேக் பிடித்தார். இறங்கிப் பின்சீட்டைத் தடவினார். பை பத்திரமாக இருந்தது.

"இன்னா சார், பை விழுந்துச்சுன்னு பயந்துட்டேன்!"

நான் விளக்க வாய் திறப்பதற்குள் சுடலைமுத்து எங்கள் இருவரையும் கடந்து வளைவில் சாய்ந்து போய்விட்டான். சறுக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். சாலை துடைத்ததுபோல் இருந்தது. பெண்கள் கை நிறைய வைக்கோலோடு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

பாபநாசத்தில் சுடலைமுத்துவுக்கு மாலை விழுந்தது. பஸ்ஸில் அங்கே போய்ச் சேர்ந்த என்னிடம், சென்னைக்காரர் ஏன் நின்றார் என்று நடுவர் கேட்டார். 'தானாக' என்று எழுதிக் காட்டினேன். அது பொய். இத்தனை காலம் கழித்துப் போன வாரம்தான் அதை அடித்துவிட்டு, 'என் சத்தம் கேட்டு' என்று திருத்தினேன்.

ஆனால் சென்னைக்காரர் நல்ல மனுஷன். சிரித்துக்கொண்டே பை கதையைச் சுடலைமுத்துவிடம் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினார். அருவிக்குப் போகும் வழியில், மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவன் கேட்டான்.

"நான் ஜெயிச்சேனா, இல்ல நீ ஜெயிக்க வச்சியாலே?"

"வைக்கலுக்காகத்தாம்லே கத்துனேன்."

"பொறவு எனக்கு ஏன் கத்தல?"

அடுத்த மாசியில் அவன் பெயர் கொடுக்கவில்லை. என்னோடு பேசாமல் இருக்கவில்லை. பந்தயத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை.

பிறகு பந்தயமும் நின்றது. அனுமதி கிடைக்கவில்லை என்றார்கள். காகிதம் எதையும் நான் பார்த்ததில்லை. சாலையை அகலப்படுத்தியபோது அந்த வளைவை நிமிர்த்திவிட்டார்கள். அறுவடை இயந்திரம் வந்த பிறகு அங்கே யாரும் வைக்கோல் பரப்புவதில்லை. சுடலைமுத்துவும் போய்விட்டான். அன்று சாலையோரம் நின்ற பெண்களில் ஒருவரையாவது கண்டுபிடிக்க இரண்டு முறை வீரவநல்லூர் போய் வந்தேன், கிடைக்கவில்லை.

நான் கத்திய அந்த நொடியில் சாலையில் வைக்கோல் இருந்ததா, அதற்கு முன்பே அள்ளிவிட்டார்களா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.