அவன் முகத்தில் இருந்த தடம்

அழைப்பிதழைப் பிரித்ததுமே திரும்ப மடித்துவிட்டேன். சங்கு குளிக்கும் அந்தக் கடற்கரை ஊரின் கமிட்டித் தலைவர், இன்னும் இரண்டு பேரோடு தட்டில் பழம், வெற்றிலை எல்லாம் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருந்தார். கொரோனா காலத்தில் ஊரைக் காப்பாற்றிய சுகாதார ஆய்வாளருக்குப் பாராட்டு விழாவாம். நான் ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி?" என்றேன்.

"ஊரே சொல்லுதாவ சார். நீங்க மட்டும் இல்லன்னா நாங்க என்ன ஆயிருப்போம்?"

எனக்குப் பொன்னாடை மேல் ஆசை கிடையாது. ஏற்கெனவே ஆறு, பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடந்தன. "வெட்டித் தலகாணி உறை தைக்கட்டுமா?" என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருப்பாள். சாத்தான்குளத்து வாத்தியார் வீட்டுப் பெண், எதையும் வீணாக்கப் பிடிக்காது. அழைப்பிதழை மடிக்கவைத்தது பொன்னாடை அல்ல. 'பொன்னாடை போர்த்துபவர்' என்ற இடத்தில் அச்சாகியிருந்த பெயர்தான். அது தலைவருடைய தங்கை புருஷனின் பெயர். சங்கு குளித்துக்கொண்டிருந்தவன். நான்கு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறான்.

வேலை பார்க்கவில்லை என்று பொய்யான அடக்கத்தோடு சொல்லமாட்டேன். நன்றாகவே பார்த்தேன். அடைத்துவைத்த வீடுகளுக்கு அரிசியும் மாத்திரையும் தலையில் சுமக்காத குறையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிணத்தை அடக்கம் செய்ய ஆள் வர மறுத்தபோது நானே பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கியிருக்கிறேன். அதற்கெல்லாம் ஒரு பொன்னாடை போர்த்தினால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவன் கையால் வாங்க முடியாது. ஏன் முடியாது என்று நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

ஊரடங்கின் முதல் மாதம் அது. கடலுக்கு யாரும் போகக்கூடாது என்று உத்தரவு. காலையில் முகக்கவசத்தை மாட்டினால் பொழுது சாயும்போதுதான் கழற்றுவேன். ஒரு தெருவையே தகரம் அடித்து மறைத்திருந்தோம். ஜனங்களுக்கு என் மேல் கடுப்பு, எனக்கு ஜனங்கள் மேல் கடுப்பு. சிலுவை நிற்கும் குருசடிப் பக்கம் நாலு பேர் சேர்ந்து நின்றாலும் சத்தம் போட்டு விரட்டுவேன்.

ஒரு நாள் முற்பகலில் தலைவர் அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு சுகாதார நிலைய வாசலுக்கு வந்தார். அப்போது அவர் தலைவர் இல்லை, ஒரு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், அவ்வளவுதான். அந்த வள்ளத்தில்தான் மாப்பிள்ளைக்கும் வேலை. அவனுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வறட்டு இருமலாக இருமினான். அவன் மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளா லேசாக் காய்ச்சல் சார். வீட்டுலயேதான் கெடந்தான். கடலுக்கெல்லாம் போகல" என்றார் வள்ளத்துக்காரர்.

கடலுக்குப் போனானா என்று நான் கேட்கவே இல்லை.

"காலு மதமதன்னு வருது சார்" என்றான் அவன்.

வெப்பமானியை நெற்றிக்கு நேரே பிடித்தேன். காய்ச்சல் இல்லை. அப்போதுதான் பார்த்தேன். நெற்றியில் தொடங்கி இரண்டு கண்ணையும் மூக்கையும் சுற்றி மேலுதடு வரைக்கும் வட்டமாக ஒரு தடம். கடலுக்குள் இறங்குகிறவர்கள் போடும் கண்ணாடி இறுக்கிப் பிடித்த தடம். கரையேறிக் கொஞ்ச நேரத்தில் அது மறைந்துவிடும். இருபது வருடம் இந்தக் கரையில் வேலை பார்த்தவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? குழாய்க் காற்றில் மூச்சுவிட்டபடி ஆழத்தில் வெகுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழி அடைக்கும், மூச்சு முட்டும், கால் மரத்துப்போகும். அதுவும் எனக்குத் தெரியும். சங்கு குளிக்கிற ஊரில் அப்படிக் கால் போனவர் ஒருவராவது இருப்பார்.

ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கேட்டால் போனதாக ஒத்துக்கொள்வார்கள். பிறகு போலீஸுக்குச் சொல்ல வேண்டும், வள்ளத்தைப் பிடிப்பார்கள், ஊர் மொத்தமும் என்னைச் சுற்றி நிற்கும். மூச்சுத் திணறல், இருமல் என்று எழுதினால் ஒரு படிவத்தோடு முடிந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் முகத்துக்கு நேரே பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பொய்யோடேயே போய்த் தொலையட்டும் என்று நினைத்தேன். ஒரு நிமிடம்தான் நினைத்தேன். அந்த நிமிடத்தில்தான் கையெழுத்துப் போட்டேன்.

கொரோனா வார்டில் அவனைப் படுக்கவைத்தார்கள். சோதனை முடிவு வர இரண்டு நாளாயிற்று. நோய் இல்லை என்று வந்தது. அதற்குள் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிருந்தது. அவன் மனைவி அழுதுகொண்டே டாக்டரிடம் உண்மையைச் சொன்னாள். முதல் நாளே தெரிந்திருந்தால் அதற்கான சிகிச்சைக்கு அனுப்பியிருக்கலாம், நடக்க வாய்ப்பு இருந்தது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். "அவங்க மறைச்சிட்டாங்க, நீங்க என்ன செய்வீங்க?" என்று அவரே ஆறுதலும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு அவன் தெருவுக்கு நான் போனதே இல்லை. கொசு மருந்து அடிக்கவும் தடுப்பூசி போடவும் ஆளை அனுப்பினேன்.

விழா நாளில், காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்று யோசித்தேன். அந்தச் சாக்கை எத்தனையோ பேரிடம் கேட்டு எரிந்து விழுந்தவன் நான். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.

கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது, ஆனாலும் எனக்கு முதுகில் வியர்வை வழிந்தது. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"காலைல மாட்டுன மாஸ்க்க சார் கழத்தவே மாட்டாவ. மூக்குலயும் கன்னத்துலயும் தடம் விழுந்து கன்னிப்போயிக் கெடக்கும். அந்த முகத்துத் தடத்த இந்த ஊரு மறக்காது!"

கைதட்டல் எழுந்தது. எனக்கு முகம் எரிந்தது. என் தடத்தை ஒரு ஊரே பார்த்து நினைவு வைத்திருக்கிறது.

அவனை நாற்காலியோடு இரண்டு பேர் மேடைக்குத் தூக்கினார்கள். அவன் மனைவி தள்ளிக்கொண்டு என் முன்னால் வந்து நிறுத்தினாள். அவன் எட்டிப் போர்த்துவதற்காக நான் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. பொன்னாடையை என் கழுத்தைச் சுற்றிப் போட்டான். இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டான். விடவில்லை. நிமிர முடியாமல் அவன் முகத்துக்கு அருகே நின்றேன்.

"நாலு வருசமா வருவீயன்னு பாத்தேன் சார்" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. "அன்னைக்கு என் மூஞ்சில இருந்த தடத்தப் பாத்தீயல்லா. பாத்துட்டுத்தான குனிஞ்சு எழுதுனீய."

"ஆமா" என்றேன்.

"நானும் வாயத் தொறக்கல. மச்சான் வள்ளத்தப் பிடிச்சிருவாவன்னு பயம். அது என் தப்பு. ஒங்க தப்ப நீங்க வந்து சொல்லுவீயன்னு இருந்தேன். வரவே இல்ல. பொன்னாடன்னா வருவீயன்னு நாந்தான் கமிட்டில சொன்னேன்."

"சார், இங்கன பாருங்க" என்றார் புகைப்படக்காரர். தலைவர் சிரித்த முகத்தோடு, ஏற்புரைக்காக மைக்கை என் கையில் திணித்தார். அவர் காதில் எதுவும் விழுந்திருக்கவில்லை. அவன் மனைவி மட்டும் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பக் கேளுங்க" என்றான்.

எதை என்று நான் கேட்கவில்லை. மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"ஏலே, அன்னைக்குக் கடலுக்குப் போனியா?"

என் குரல் பந்தலைத் தாண்டிக் கரை வரைக்கும் கேட்டது. கைதட்டல் நின்றது. தலைவரின் சிரிப்பும் நின்றது. மைக்கை அவன் பக்கம் நீட்டினேன்.

"போனேன் சார். பதினோரு பாகம் ஆழம். காலு மதமதன்னு வருதுன்னு ஒங்ககிட்ட சொன்னேன்."

"சொன்ன. ஒன் மூஞ்சியில தடத்தையும் நான் பாத்தேன்" என்றேன், மைக்கிலேயே.

அதற்குப் பிறகுதான் பொன்னாடையின் முனைகளை விட்டான்.