எங்க வூட்டுப் பாட்டு

என் ஓரகத்திக்கு நல்ல குரல். அதை ஒத்துக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது. இப்போது எழுதும்போதும் வயிறு எரியத்தான் செய்கிறது.

கல்யாணமாகி ராயபுரத்துக்கு நான் வந்தது ஒரு பித்தளை அண்டாவோடு. மூன்று வருடம் கழித்து என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு நெட்டுக்குப்பத்திலிருந்து இவள் வந்தது வாய் நிறையப் பாட்டோடு. வலை இழுக்கிற பாட்டு, தாலாட்டு, மாமியாரைக் கிண்டல் பண்ணுகிற பாட்டு. எங்கள் மாமியார் அண்டாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, அந்தக் கிண்டல் பாட்டையே திரும்பத் திரும்பப் பாடச் சொல்லிச் சிரித்தார்.

பிறகு நாங்கள் ஜோடியாகப் பாடக் கிளம்பினோம். வளைகாப்பு, மஞ்சள் நீர், மாதா கோயில் திருவிழா. நான் டேப்பு மேளம் அடிப்பேன், புதுப் பாட்டும் எழுதுவேன். அவள் பாடுவாள். பழைய பாட்டு என்றால் முதலில் மைக்கில், "இது எங்க வூட்டுப் பாட்டு" என்பாள். அப்படிச் சொன்னால் அவள் அம்மா வீடு. கல்யாணமாகி ஒன்பது வருடமாகியும், நாங்கள் ஒன்றாக இருக்கிற ராயபுரம் வீடு அவள் வாயில் "உங்க வூடு"தான். "உங்க வூட்ல தண்ணி வந்துச்சாக்கா?" என்று அந்த வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு கேட்பாள். நானும் திருத்தியதில்லை.

அவள் வீட்டுப் பாட்டுக்குக் கண்ணைத் துடைக்கிறவர்கள், என் பாட்டு வந்தால் டீ குடிக்க எழுந்துவிடுவார்கள்.

போன வருடம் திருவொற்றியூரில் ஒரு வளைகாப்பு. அன்று என் புதுப் பாட்டு. 'கண்டெய்னரத் தூக்க கிரேனு கீது, என் கவலையத் தூக்க இன்னா கீது' என்று தொடங்கும். பாடுவதற்கு முன் அவள் மைக்கில், "இது எங்க வூட்டுப் பாட்டு" என்றாள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா மூக்கைச் சிந்தி, "எங்கம்மா பாடுவாங்க இத்த" என்றார். அவர் அம்மா காலத்தில் கண்டெய்னர் ஏது என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பாட்டு முடிந்ததும் மைக்கைப் பிடுங்கினேன்.

"இது அவ அம்மா வூட்டுப் பாட்டு இல்ல. நான் எழுதுனது. ராயபுரத்துல, எங்க வூட்டு அடுப்பாண்ட குந்திகினு எழுதுனது."

அவள் தலையைக் குனிந்து மைக் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் கேட்டேன். "இன்னாத்துக்குடி அப்டி சொன்ன?"

"நம்ப வூட்டத்தான்கா சொன்னேன்" என்றாள். "நீ அடுப்பாண்ட எழுதுற சொல்லோ, நானுந்தான பக்கத்துல வெங்காயம் அரிஞ்சிகினு இருந்தேன்."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். முன்வரிசை அம்மாவின் கண்ணீர்தான் மனதில் நின்றது. அது எனக்கு வந்திருக்க வேண்டியது என்றே தோன்றிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் வள்ளூரில் அதே பாட்டு. "இத்த எழுதுனது எங்க அக்கா" என்று என்னைக் காட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டு பேர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை நாள் ஏங்கியது கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"உங்க வூட்ல தண்ணி வந்துச்சாக்கா?"