மானுக்குப் போட்ட தீவனமும் சரோஜா அக்காவின் சேலைகளும்

1. ஒரு மனு

வனத்துறையில் வாட்சராக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் பாம்புக் கதையும் திருடன் கதையும் கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தோன்றுவது புல் வளர்த்த கதைதான். கேட்டால் கொட்டாவி விடுவார்கள் என்று தெரியும், பரவாயில்லை.

எங்கள் பீட், அதாவது நாங்கள் காவல் சுற்றும் பகுதி, தென்னேரிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்னக் காப்புக்காடு. பங்குனி பிறந்தால் உள்ளே பச்சை என்று பேருக்குக்கூட இருக்காது. புள்ளிமான்கள் ஓரத்து நிலங்களில் இறங்கிவிடும். காட்டை ஒட்டிய முதல் நிலம் சரோஜா அக்காவுடையது. அந்த வருடம் வேர்க்கடலை போட்டிருந்தார். மாசி மாதத்தில் ரேஞ்சரிடம் மனு கொடுக்க வந்தவர், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“போன வருசமும் மேஞ்சுட்டுப் போச்சு சார். இந்தத் தபாவும் தின்னுச்சுன்னா வேலில கரன்ட் வெச்சிடுவேன்னு என் கொழுந்தன் சொல்லிக்கினு இருக்கான். கம்பியெல்லாம் வாங்கி வெச்சிட்டான். நான் இனிமே வாணாம்னு சொல்லமாட்டேன்.”

கரன்ட் வேலி சட்டப்படி குற்றம் என்று ரேஞ்சர் சொல்லவில்லை. அது அக்காவுக்கும் தெரியும். அக்கா போனபிறகு ரேஞ்சர் என்னைக் கூப்பிட்டார்.

“மானுக்கு உள்ளயே சோறு போட்டா அது ஏன்யா வெளிய வரப்போவுது? அரை ஏக்கர்ல ஃபாடர் பிளாட் போடு, தீவனம் வெதைச்சு வளத்து வுடு. உன் பொறுப்பு.”

2. தண்ணீர்

ஐயம்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன் நான். மண்வெட்டியை எப்படிப் பிடிப்பது என்பதையே அந்த அரை ஏக்கரில்தான் கற்றேன். தீவனச் சோளமும் தட்டைப்பயறும் விதைத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் வாலாஜாபாத்திலிருந்து டிராக்டர் டேங்கர் வரும். ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்தி பாத்தியாக நனைப்பேன். முளை விட்டதைப் பார்த்தபோது எனக்கு வந்த பெருமையைச் சொன்னால் சிரிப்பீர்கள். வீட்டில் எல்லோருக்கும் போனில் படம் எடுத்துக் காட்டினேன்.

முளையை ஊர் ஆடுகள் மோப்பம் பிடித்துவிட்டன. முள்கம்பி கட்டினால் மானும் நுழைய முடியாது. எங்கள் பக்கத்து விவசாயிகள் காட்டு விலங்குகளை விரட்ட, நிலத்தைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுவார்கள். ஊரே பட்டு நெய்தாலும் வேலிக்குப் பழைய நைலக்ஸ் சேலைதான். ஆட்டுக்கும் அதுவே போதும் என்று தோன்றியது. சரோஜா அக்காவிடம் போய் வீட்டில் பழைய சேலை இருக்கிறதா என்று கேட்டேன். அவர் நேராகத் தன் நிலத்துக்குப் போய் இந்த வருடம்தான் புதிதாக வேலியில் கட்டியிருந்ததையே அவிழ்த்துக் கொடுத்தார்.

“மான்தான் உன்கிட்ட சாப்பிட வரப்போவுதே. எனக்கு எதுக்குப்பா இது?”

நான் நன்றி சொல்லி வாங்கி வந்தேன். அந்த இடத்தில் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

3. கொம்பு மான் நின்ற இடம்

சோளம் முழங்கால் உயரம் வந்தது. அதன்பின் ஆடு பற்றிய கவலை எனக்கு மறந்தே போனது. சேலைகளை மட்டும் அவிழ்க்காமல் விட்டுவிட்டேன். ஒரு சாயங்காலம் புதர் மறைவில் உட்கார்ந்தேன். பதினோரு மான்கள் வந்தன. முன்னால் வந்த கொம்பு மான் சோளத்துக்குப் பத்தடி தூரத்தில் நின்றது. காற்றில் ஆடிய மஞ்சள் சேலையைப் பார்த்தது. அப்படியே திரும்பி, கூட்டத்தோடு காட்டு ஓரமாக நடந்தது. எதிரில் சேலையே இல்லாத ஒரு நிலம். கடலைச் செடியை அவை கடிக்கும் சத்தம் எனக்கே கேட்டது.

சேலை இருந்தால் மனிதன் இருப்பான் என்று அந்த மான்கள் பல வருடமாகப் படித்திருந்தன. அவற்றுக்கு வைத்த சாப்பாட்டில் ‘வராதே’ என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். சரோஜா அக்காவின் வேலியை நானே அவிழ்த்த மாதிரிதான். கைதட்டி விரட்டினேன். அதற்குள் நான்கு பாத்தி மொட்டை. வெட்கத்தில் காது சுட்டது.

ரேஞ்சரிடம் முதலில் சொல்லலாமா, இரவோடு இரவாகச் சேலையை மாற்றிக் கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடலாமா என்றெல்லாம் மனம் அலைந்தது. விடிந்ததும் அக்காவிடமே போனேன். அவர் நிலத்தில்தான் நின்றிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

மேய்ந்த பாத்திகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “கொழுந்தன் நேத்தே கரன்ட் வெச்சிருந்தா எத்தினி செத்திருக்கும்?”

“எல்லாம் வரிசையா வந்துச்சுக்கா. பதினொண்ணும்.”

“இன்னிக்கு வைக்கத்தான் கம்பிய எடுத்து வெளிய போட்டிருக்கான்” என்றார். மொட்டைச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்துப் போட்டார். “நான் பேசறேன். தப்பு மான் மேல இல்ல, வாட்சரு மேலன்னு சொல்றேன். உன்னத் திட்டுவான். வாங்கிக்க.”

மதியத்துக்குள் சேலைகளை எல்லாம் அவர் வேலியிலேயே திரும்பக் கட்டினேன். மூன்றாம் நாள் மான்கள் சோளத்தில் இறங்கின.

இதில் கற்றது என்ன என்று பிள்ளைகள் கேட்டால், விதைக்கும் முன் மான் வரும் வழியில் நடந்து பாருங்கள், பக்கத்து நிலத்தையும் பாருங்கள் என்பேன். தப்பு செய்தால் விடிந்ததும் போய்ச் சொல்லுங்கள் என்றும் சொல்வேன். நான் ஒருநாள் தள்ளிப் போட்டிருந்தால் கம்பியில் கரன்ட் ஏறியிருக்கும்.

நான் போய்ச் சொன்ன அன்றே சாயங்காலம் அக்காவின் கொழுந்தன் என்னை டீக்கடை வாசலில் நிறுத்தி, ஊரே கேட்கத் திட்டினார். என் அப்பன் பாட்டன்வரை போனார்; கம்பியை மட்டும் கட்டவில்லை. யூனிஃபார்மோடு தலை குனிந்து நின்றேன். மான்களுக்காக நான் செய்த வேலைகளில் உருப்படியானது அந்தத் திட்டை வாங்கியதுதான்.