செல்வியக்கா சலித்த சாம்பல்

நெல் உமிச் சாம்பலைக் கலந்து சிமெண்டின் அளவைக் குறைக்க முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. அரசு உதவித்தொகையில் தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ரைஸ் மில்லிலிருந்து மூட்டை மூட்டையாகச் சாம்பல் வரும். மூன்று வருடமாக அதைச் சலித்துத் தந்தவர், கூலிக்கு வந்த செல்வியக்கா.

அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். நான் முகக்கவசம் இல்லாமல் அந்தப் பக்கம் போனதே இல்லை. அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொள்வார். அவருக்கும் ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று நினைப்பேன். நினைத்ததோடு சரி.

மூன்றாம் வருடம் அக்காவுக்கு வந்த இருமல் நிற்காததால் நானே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

"தூசியில நிக்கிற வேலையாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அக்கா என்னை ஒரு தரம் பார்த்தார். "இல்லைங்க. வீட்டுல விறகடுப்பு."

டாக்டர் அதையே எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும், "ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"படிப்பு முடியுற நேரம். உங்களுக்கு இடைஞ்சல் வந்துடக் கூடாதுல்ல தம்பி."

ஆய்வேட்டைக் கொடுத்த பிறகுதான் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். ரொம்பத் தாமதம் என்றார். தை பிறப்பதற்குள் அக்கா போய்விட்டார்.

துக்கத்துக்குப் போனபோது அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதே நீங்க ஒருத்தர்தாங்க" என்றாள்.

அவளிடம் நான் இன்னும் எதையும் சொல்லவில்லை.