காஜா பெராங்கில் இரண்டு சட்டி

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கோலாலம்பூர் புடு சாலையிலிருந்து பஸ் புறப்பட்டது. மலாக்காவுக்கு ஏறக்குறைய தொண்ணூறு மைல். கட்டணம் மூன்று வெள்ளி இருபது காசு. சுதந்திரம் கிடைத்த பிறகு வந்த முதல் ஜனவரி அது. வழியெல்லாம் கடைகளின் மேல்மாடியில் கட்டிய கொடிகள் மழையில் சாயம் போய்த் தொங்கின.

மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பிறர் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நான்கு நாள் விடுப்பு கிடைத்திருந்தது. எனக்கு வேண்டியவை மூன்று. ஆற்றங்கரையில் ஓர் இருக்கை, யாரும் என்னிடம் எதுவும் கேட்காத ஒரு மாலை, மனதில் சந்தேகம் இல்லாமல் சாப்பிட ஹலாலான உணவு. தமிழ் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக வியாபாரம் செய்யும் ஊர் ஆயிற்றே, மூன்றாவதுதான் எளிது என்று கணக்குப் போட்டேன்.

சிரம்பானில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாள் தம்பின் என்ற ஊர் வரும்வரை ஒரே கேள்வியைப் பலவிதமாகக் கேட்டார். கூட யாரும் வரவில்லையா? அண்ணன்? தம்பி? அங்கே யாராவது வந்து அழைத்துப்போவார்களா? இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். இறங்கும்போது என் கையில் இரண்டு வாழைப்பழத்தை வைத்து, "பத்திரமா இரும்மா," என்றார், நான் ஏதோ போருக்குப் போவதுபோல.

மலாக்காவில் பேச்சா என்னும் மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டியவர் ஒரு மலாய்க்காரர். நான் தங்கப்போகிற இடம் காஜா பெராங், கம்போங் செட்டி என்று தெளிவாகச் சொல்லித்தான் ஏறினேன். என் முக்காட்டைப் பார்த்தவர், அது இந்துக்கள் இருக்கும் கிராமம், நான் தவறாகச் சொல்கிறேன் என்று தாமாகவே முடிவுசெய்து, ஜாலான் துக்காங் எமாஸில் பள்ளிவாசல் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஐம்பது காசு வாங்கிக்கொண்டு, "இதுதான் உங்கள் இடம்," என்று மலாயில் சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். அதே தெருவில் நான்கு எட்டு தள்ளிப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. நூற்றெழுபது வருஷமாக இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அந்தத் தெருவுக்குப் புரிந்தது அவருக்குப் புரியவில்லை.

வந்ததுதான் வந்தோம், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று பக்கத்தில் இருந்த தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். கல்லாவில் இருந்த கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். பெண்பிள்ளை தனியாகக் கூடத்தில் உட்காரக் கூடாது என்று என்னைப் பின்பக்கம் திரைபோட்ட, பெட்டி போன்ற ஒரு தடுப்புக்குள் அமர்த்தினார். அங்கே காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. திரைக்கு வெளியே நின்றுகொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

"வாப்பா பேரு என்ன தங்கச்சி? கோலாலம்பூர்ல எந்தத் தெரு?"

சொன்னேன்.

"இங்கே யார் வூட்ல தங்கறீங்க?"

கம்போங் செட்டியில் ஓர் இந்து வீடு என்று அதையும் சொன்னேன். பிறகு, அவர்கள் நல்ல மனிதர்கள்தான், ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் எதற்கு வம்பு, மூன்று வேளையும் இங்கேயே வந்துவிடுங்கள் என்றார். பிரியாணி ஒரு வெள்ளி. நன்றாகத்தான் இருந்தது. இருட்டில் எலும்பு எது, ஏலக்காய் எது என்று தெரியவில்லை.

மறுபடி ஐம்பது காசு, மறுபடி பேச்சா. கம்போங் செட்டி ஊருக்கு நடுவிலேயே ஒதுங்கி இருக்கும் சிறிய குடியிருப்பு. தாழ்ந்த கூரை வீடுகள், வீட்டுக்கு வீடு குடும்பக் கோயில்கள். நான் தங்க ஏற்பாடு செய்தவள் எங்கள் மருத்துவமனைத் தாதி தனம். அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, அறை காலியாக இருந்தது. அவள் தாயார் மீனாட்சியை நான் 'மக்சிக்' என்று மலாய் முறையில் அழைத்தேன். சிற்றன்னை என்று வைத்துக்கொள்ளலாம். செட்டிகள் சாமி கும்பிடுவது தமிழ் இந்துக்கள் மாதிரி, பேசுவது மலாய். அவர் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்.

வரவேற்பு கடையில் வாங்கிய பிஸ்கட்டோடும், எனக்கென்றே வாங்கிய புதுக் கண்ணாடித் தம்ளரோடும் முடிந்தது. தன் அடுப்பில் பன்றி நுழைந்ததே இல்லை என்றார். ஆனாலும் இந்தப் பாத்திரங்களில் சாமிக்கும் செத்தவர்களுக்கும் படைத்திருக்கிறோம், உன் மார்க்கத்துக்குத் தப்பாகப் போனால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்றார். சமையலறையிலிருந்து தேங்காய்ப்பால் கொதிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. நான் பிஸ்கட் தின்றேன்.

அன்று சாயங்காலம் அவர் கவலை என்ன என்பது தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை போகி. அன்று செட்டிகள் இறந்துபோன தங்கள் முன்னோர்களுக்கு அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்து வாழையிலையில் படைப்பார்கள். அதற்குப் பார்ச்சு என்று பெயர். மக்சிக்கின் கணவர் போன வருஷம் காலமாகிவிட்டார். இதுதான் அவருக்கு முதல் இலை. அவருக்குப் பிடித்தது பாராங் மீனில் செய்யும் பிண்டாங் என்ற புளிப்புக் குழம்பு.

"முப்பத்தொரு வருஷம் நான்தான் சமைச்சேன். உப்பு போட்டது அவர்," என்றார் மக்சிக். "கொதி வந்ததும் உள்ளே வந்து உள்ளங்கையை நீட்டுவார். ஒரு சொட்டு விடுவேன். நக்கிப் பார்த்துட்டு இன்னும் போடுன்னு சொல்லுவார், இல்லாட்டி போதும்னு சொல்லுவார். என் நாக்கை நான் நம்பினதே இல்லை."

இப்போது அவர் இல்லை. படையல் முடியும்வரை வீட்டார் யாரும் ஒரு சொட்டுகூட ருசி பார்க்கக் கூடாது என்பது பார்ச்சுவின் கட்டளை. முதல் இலையிலேயே அவருக்கு உப்பில்லாமல் வைத்துவிடுவேனோ என்பதுதான் அந்த அம்மாளின் பயம். கணவரின் அக்கா தெய்வானை அம்மாளும் வரப்போகிறார். அவரும் அந்த இலையில் உண்பார், ஒன்றும் பேசாமல் உண்பார் என்றார் மக்சிக். பேசாமல் இருப்பதுதான் பெரிய தண்டனை போலும்.

எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் நான் வந்தது ஆற்றைப் பார்க்க.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றைப் பார்த்தேன். நீர் வற்றிச் சேறு தெரிந்தது, சேறு நாறியது. மரச்சரக்கு ஏற்றிய ஒரு தொங்கான் படகு கவிழ்ந்துவிடும் போலச் சாய்ந்து நின்றது. இருக்கை என்று ஒன்றும் இல்லை. பாலத்தருகே கட்டைச்சுவரில் உட்கார்ந்தேன். உடனே இரண்டு பேர் வந்து வழி தவறிவிட்டதா என்று கேட்டார்கள். குன்றின் மேல் இடிந்த தேவாலயத்துக்கு ஏறினேன். மழை பிடித்துக்கொண்டது. மதியம் திரைக்குள் மீன் குழம்பும் சோறும், எண்பது காசு. திரைக்கு வெளியே கடைக்காரர், என் வாப்பாவின் தெருவில் தமக்கு ஒரு மச்சான் உறவு இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்ந்துகொண்டிருந்தார். மச்சானுக்குக் கடிதம் போட்டுக் கேட்கட்டுமா, நீங்கள் இங்கே தனியாக இருப்பது வாப்பாவுக்குத் தெரியுமா என்றார். தெரியும், அவர்தான் பஸ் ஏற்றிவிட்டார் என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாதது மட்டுமே எனக்கு அந்தத் திரை செய்த நன்மை.

அன்றிரவு மக்சிக்கிடம் சொல்லிவிட்டேன். நாளை மழையில் ஒரு மைலுக்கு மேல் போய்க் கடையின் திரைக்குள் உட்கார என்னால் ஆகாது. மீனுக்கு அறுப்பு முறை ஒன்றும் கிடையாது, அது எங்களுக்கு அப்படியே ஆகுமானது. படையலில் வைத்தது மட்டும்தான் எனக்கு ஆகாது. புதுச் சட்டி ஒன்று வாங்குங்கள், படையலுக்குச் சேராமல் தனி அடுப்பில் எனக்கும் அதே பிண்டாங்கைச் செய்யுங்கள். அவர் கொஞ்சம் யோசித்தார். சட்டி அறுபது காசு ஆகும் என்றார். நான் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் சந்தையிலிருந்து மீன் வந்தது. பாராங் மீனுக்கு உடம்பெல்லாம் முள். ஓர் அம்மியில் அரைத்த மசாலா, இரண்டு அடுப்பு, இரண்டு சட்டி. இரண்டிலும் ஒரே அளவு மீன், ஒரே அளவு தேங்காய்ப்பால், ஒரே அளவு புளி. உப்பை விரல்நுனியில் கிள்ளி இதில் ஒன்று, அதில் ஒன்று என்று போட்டார். மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தெய்வானை அம்மாள் வெற்றிலையைக்கூட மெல்லவில்லை. படையலுக்குமுன் வாயில் எதுவும் படக்கூடாதாம்.

நான் விருந்தாளி, குடும்பத்தாள் அல்ல. அதனால் மதியமே எனக்கு இலை போட்டார்கள். முதல் வாய் வைத்தேன். புளிப்பு இருந்தது, உறைப்பு இருந்தது, உப்பு சுத்தமாக இல்லை. மக்சிக் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரொம்ப நல்லா இருக்கு, மக்சிக்," என்றேன். பிறர் வீட்டில் வேறென்ன சொல்வது?

அவர் மூச்சை விட்டார். "அப்போ அவருக்கும் நல்லா இருக்கும். ரெண்டும் ஒரே கைதானே," என்று சொல்லிக்கொண்டு மற்றச் சட்டியை மூடப்போனார்.

இரண்டு சட்டியிலும் எல்லாமே சமம் என்றால், ஒன்றைப் பற்றி நான் சொன்னது மற்றதைப் பற்றியும் சொன்னதுதான். ஆய்வுக்கூடத்தில் தினமும் செய்கிற வேலையே அதுதானே. என் மரியாதைச் சொல் நேராக இறந்தவர் இலையில் போய் விழப்போகிறது. நிம்மதியாக ஒரு வாய் மீன் தின்ன வந்தவளுக்கு இது என்ன தலைவலி என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டேன்.

"மக்சிக், மூடாதீங்க. உப்பே இல்லை."

அவர் கை மூடியோடு அப்படியே நின்றது. தெய்வானை அம்மாள் மூலையிலிருந்து பேசினார்.

"விருந்தாளி சொல்லிப் போடுற உப்பு, ருசி பார்த்துப் போட்ட உப்புதான். என் தம்பிக்கு எச்சில் வைக்கக் கூடாது."

"அந்தச் சட்டியை யாருமே தொடலையே அம்மா," என்றேன். "நான் சாப்பிட்டது என் சட்டி."

"ரெண்டும் ஒண்ணுதான்னு இவளே இப்பதானே சொன்னா."

"ரெண்டும் ஒண்ணுன்னா, எனக்குத் தனிச் சட்டி எதுக்கு? நான் அதிலேயே சாப்பிட்டிருக்கலாமே?"

"படிச்ச பொண்ணுகூடப் பேசக் கூடாது," என்றார் தெய்வானை அம்மாள் மக்சிக்கிடம். பிறகு முகத்தைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதுதான் அனுமதி என்று மக்சிக் கண்ணால் காட்டினார்.

பிறகு தேக்கரண்டியால் அளந்து என் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக உப்புப் போட்டோம். ஒவ்வொரு முறையும் நான் ஒரு வாய் சாப்பிட வேண்டும், ஒவ்வொரு வாயிலும் முள் எடுக்க வேண்டும். இரண்டு கரண்டியில் சரியாக வந்தது. போதும் என்றேன். மக்சிக் அதே இரண்டு கரண்டியை மற்றச் சட்டியில் போட்டார். கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"நீ போதும்னு சொன்ன இடத்துல அவர் சொல்ல மாட்டார்," என்றார். "எப்பவும் இன்னும் கொஞ்சம்னுதான் சொல்லுவார். டாக்டர் வேண்டாம்னு சொன்ன பிறகும்." மேலும் அரைக் கரண்டி போட்டார். அது அதிகம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, இலைகளைப் பரப்பினார்கள். நான் வெளியே படியில் உட்கார்ந்துகொண்டேன். கும்பிட்டுவிட்டு வீட்டாரும் வெளியே வந்தார்கள். இலைக்கு வரும் முன்னோர்கள் உண்ணும் நேரத்தில் உள்ளே யாரும் இருக்கக் கூடாதாம். மக்சிக் எதிரில் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாரும் உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் வாசற்படியிலிருந்து பார்த்தேன்.

தெய்வானை அம்மாள் பிண்டாங்கை ஒரு வாய் உண்டார். தண்ணீர் கேட்டார். இன்னொரு வாய் உண்டார், மறுபடி தண்ணீர் குடித்தார். மக்சிக்கின் முகம் வெளுத்துப்போயிற்று. தம்ளரை வைத்துவிட்டு அந்த அம்மாள், "இது அவன் உப்புதான்," என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் மீதியையும் இலையில் போடச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு எட்டு மணி பஸ். துக்க வருஷம் என்பதால் அந்த வீட்டில் பொங்கல் கிடையாது. மக்சிக் விடியலிலேயே எழுந்து, பஸ்ஸில் சாப்பிட என்று அந்தப் புதுச் சட்டியில் எனக்கு நெத்திலி சம்பல் கிளறிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். வெளியே பேச்சாக்காரர் மணி அடித்துக்கொண்டிருந்தார்.

சம்பல் எண்ணெய் கக்கியதும் மக்சிக் கரண்டியில் கொஞ்சம் எடுத்துப் பக்கத்தில் நீட்டினார். பார்க்காமலே நீட்டினார். அங்கே நின்றவள் நான். என் கை பாதி எழுந்துவிட்டது. இன்று நான் நக்கிப் பார்த்துச் சொல்லிவிடலாம், நாளை யார் சொல்வார்கள்? கையை இறக்கி, பெட்டியின் வாரை இறுக்கினேன்.

கரண்டி சற்று நேரம் காற்றிலேயே நின்றது. பிறகு அவர் அதைத் தன் பக்கம் திருப்பி, தன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்தார்.

"குறையுது," என்று சொல்லிவிட்டு உப்புச் சாடியை எடுத்தார்.